பச்சை உடம்புக்காரியின் சூப்பு

1957இல் பஃபலோ ரோட்டு வீட்டில் நான் மூத்தவளைப் பெற்றுப் படுத்திருந்தபோது, என் உடம்பு தேற வேண்டுமே என்று வீடே கவலைப்பட்டது. கவலைப்பட்டுக் கவலைப்பட்டு என் சூப்பையெல்லாம் அவர்களே குடித்தார்கள்.

என் மாமியார் ரத்தினம்மா சூப்பு வைப்பது லேசான காரியமில்லை. தேக்கா சந்தையில் நாட்டுக்கோழியாகப் பார்த்து வாங்கி, எலும்பை அம்மியில் நசுக்கி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் தட்டிப் போட்டு, கரியடுப்பின் தணலில் ஏற்றிவிட்டு, நுரையை எடுத்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். ஒரு பானைத் தண்ணீர் மூன்று கிளாசாகச் சுண்டும்போது வாசனை கூடத்தைத் தாண்டி என் அறைக்கு வரும். வாசனை மட்டும்தான் வரும்.

உப்புப் பார்க்க மாமனார் ஒரு கிளாஸ். அவர் சொன்னது சரிதானா என்று பார்க்கக் கொழுந்தன் துரைசாமி ஒரு கிளாஸ். பச்சை உடம்புக்குக் காரம் ஒத்துக்கொள்ளுமா என்று சோதிக்க, என்மேல் உயிரையே வைத்திருக்கும் என் வீட்டுக்காரர் வேலாயுதம் ஒரு கிளாஸ். பிறகு அத்தை பானையில் வெந்நீர் விட்டு அலசி எனக்குக் கொண்டுவருவார். கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டார்.

பால் சரியாகச் சுரக்கவில்லை. பிள்ளை பசியில் கத்தினாள். அதற்கும் எனக்குத்தான் ஏச்சு. நன்றாகத்தானே சாப்பிடுகிறாள் என்றார் மாமனார், மீசையைத் துடைத்துக்கொண்டு.

மறுநாள் பிடான் என்கிற மலாய் மருத்துவச்சி வந்து என் வயிற்றுக்கு எண்ணெய் தேய்த்துக் கட்டுப் போட்டுவிட்டுப் போனாள். அவள் போனதும் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, கூடத்தில் இருப்பவர்கள் காதிலும் விழும்படி சொன்னேன்.

"போன வாரம் பிடான் ஒரு வேர் குடுத்தாங்க. அத்தை அதத்தான் தினமும் சூப்புல போடுறாங்க. பால் ஊறுறதுக்கு. குடிச்சது ஆம்பளையா பொம்பளையான்னு அது பாக்காதாம் லா."

கொழுந்தன் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். வீட்டில் வெறும் மார்போடு திரியும் மாமனார் பனியன் போட்டு, அதன்மேல் சட்டையும் போட்டுக் கழுத்துவரை பொத்தான் மாட்டினார். என் வீட்டுக்காரர் கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நின்று பார்த்துவிட்டு, இடது பக்கம் கொஞ்சம் கூடியிருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார். நேற்றே கவனித்தேன், மனசு கஷ்டப்படுமே என்றுதான் சொல்லவில்லை என்றேன்.

அன்றைக்கு உப்புப் பார்க்க ஆளில்லை. அத்தை பானையோடு என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். எனக்குத் திக்கென்றது, வேர் எதுவும் இல்லை என்பது அவருக்குத்தானே தெரியும். கிளாஸ் நிறைய ஊற்றிக் கொடுத்தார். நான் குடித்து முடித்ததும் மறுபடி நிரப்பினார். பிறகு தனக்கும் ஒன்று ஊற்றிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ரெண்டு பயலையும் நான் இந்த ரூம்லதான் பெத்தேன். ரெண்டு தடவையும் உங்க மாமாதான் குடிச்சாரு" என்றார். ஒரு மிடறு விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இப்படி ஒரு பொய் எனக்கு அப்பத் தோணவே இல்ல பாரு."