கோட்டைத் தாண்டிய கடைசல் எந்திரம்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. என் மனைவியின் கடைசல் எந்திரத்தின் மேல் நான் உட்கார்ந்திருந்தபோது அதுவே என்னைத் தூக்கிக்கொண்டு கதைக்குள் நடந்துவிட்டது. உவமை என்று நினைக்க வேண்டாம். நிஜமாகவே நடந்தது, கால்நடையாக.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மரம் தன் மௌனத்தைச் சுழற்சியில்...'

மனைவி எட்டிப் பார்த்தாள். "மரம் எங்க மௌனமா இருந்துச்சு? கத்துனது நீங்கதான்."

அந்த வரியை அடித்துவிட்டேன்.

2

கொட்டகை ஒன்றுதான். பாதி என் மனைவிக்கு. மரத்தைச் சுழலவிட்டு உளியால் கடைந்து பாத்திரம் செய்கிறவள். மறுபாதி அவள் அண்ணனுக்கு, அதாவது என் மச்சானுக்கு; அலமாரிகளுக்கு வார்னிஷ் அடிக்கிறவர். இவளுடைய மரத்தூசி அவருடைய ஈர வார்னிஷில் ஒட்டியது. "எந்திரத்த வெளிய வை" என்றார் அவர். "அலமாரிய வெளிய வை" என்றாள் இவள். தரையில் மஞ்சள் பெயிண்டில் கோடு விழுந்தது. கோட்டின் மேல் சுவர் எழுப்பச் செங்கலும் வாசலில் வந்து இறங்கியது. பேச்சு நின்றது. ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதை என்னிடம் சொன்னார்கள். [மூன்று பேரும் நாலடி தூரத்தில் நின்றபடி.]

மச்சானை வில்லனாக்கலாமா என்று பார்த்தேன். ஆள் ஒத்துழைக்கவில்லை. கோபம் வந்தால் அவருக்கு விக்கல் வரும். விக்கலெடுக்கும் வில்லனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

3

காற்றில் சாய்ந்த மரமொன்றின் அடித்துண்டை மனைவி கொண்டுவந்தாள். ஒரு பக்கம் பெரிய முண்டு, மறுபக்கம் பொந்து. எந்திரத்தில் மாட்டி, திருகாணிகளை இறுக்கி, கையால் சுற்றிவிட்டாள். எப்படிச் சுற்றினாலும் முண்டு கீழே வந்தே நின்றது. கொஞ்சம் செதுக்கிவிட்டுச் சுற்றினாள். பள்ளிக்கூடம் போகச் சொன்ன பிள்ளைபோல மறுபடியும் கீழேயே உட்கார்ந்தது.

"எந்திரத்துக்குக் கனம் பத்தல. மணல் மூட்டை ரெண்டுதான் இருக்கு. நீங்க அந்தக் கீழ்ப்பலகையில உக்காருங்க."

என் எழுத்தில் கனமில்லை என்ற விமர்சகர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மோட்டாரை இருப்பதிலேயே மெதுவான வேகத்தில் விட்டாள். தடக். தடக். எந்திரம் நடக்க ஆரம்பித்தது.

"என்னங்க, அசையாதீங்க!"

"நானா அசையறேன்?"

மஞ்சள் கோட்டைத் தாண்டினோம். அந்தப் பக்கம் பிரஷும் கையுமாக மச்சான். அவர் பின்னால் ஈரம் மின்னும் அலமாரி.

"மாப்ள, அவள நிறுத்தச் சொல்லுங்க!"

"நிறுத்திட்டேன்னு சொல்லுங்க."

"நிறுத்திட்டாளாம்" என்றேன், பலகையைக் கட்டிப்பிடித்தபடி.

4

இந்த இடத்தில் அண்ணனும் தங்கையும் கட்டிக்கொண்டு அழுவதாக ஒரு பக்கம் எழுதினேன். படித்துவிட்டு மனைவி, "யாரு, நாங்களா?" என்றாள்.

நடந்தது வேறு. மச்சான் மரத்தைப் பார்த்தார். உளி பட்ட இடத்தில் செம்மஞ்சள் நிறமும் கறுப்பு வரியும் தெரிந்தன. பிரஷைக் கீழே வைத்தார். துண்டைக் கையால் சுற்றிப் பார்த்தார்.

"மாப்ள, மையம் தப்புன்னு சொல்லுங்க. முண்டுப் பக்கமா ரெண்டு விரக்கடை தள்ளணும்."

"தள்ளுனா பொந்து போயிடும். எனக்குப் பொந்து வேணும்னு சொல்லுங்க."

"ஓட்டைப் பாத்திரத்துல என்ன அழகு?"

"உனக்கென்ன தெரியும், அலமாரிக்கு உள்ளயும் வார்னிஷ் அடிக்கிற ஆளு!"

"உள்ள அடிக்கலைன்னா, விக், பூச்சி வரும்டி!"

நான் இருபுறமும் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தேன். என் வேலை போய்விட்டது என்று தாமதமாகத்தான் உறைத்தது. அவர்களுக்கு உறைக்கவில்லை. சத்தம் காட்டாமல் பலகையிலிருந்து இறங்கினேன்.

"ஒரு விரக்கடை மட்டும் தள்ளு. மிச்சத்துக்குக் கனம் ஏத்து" என்றார் மச்சான்.

"கனத்துக்கு எங்க போறது?"

மச்சான் வாசலைப் பார்த்தார். செங்கல்.

[செங்கல்லைக் குறியீடாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அத்தனையையும் சுமந்தவன் நான்.]

பிறகு சொல்லாமல் கொள்ளாமல் அலமாரியின் அடியை ஒருபுறம் பிடித்தார். மறுபுறத்தை மனைவி பிடித்தாள். வெளியே கொண்டுபோய் நிழலில் வைத்தார்கள். யார் தோற்றது என்று நான் கேட்கவில்லை. நான் குடும்பஸ்தன்.

5

அப்புறம் எந்திரம் உறுமியது, நடுங்கியது, நின்ற இடத்திலேயே நின்றது. ஈரச் சுருள்கள் மச்சானின் தலையில் விழுந்தன. தட்டிவிடக்கூட மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பச்சை மரம் என்பதால் பாத்திரத்தைத் தடிப்பாகவே கடைந்து மூலையில் வைத்திருக்கிறாள். காய மாதக்கணக்காகும். அதற்குள் கோணலாகலாம், வெடிக்கவும் செய்யலாம். வெடிக்காது என்கிறாள் மனைவி. பொந்தோரம் கட்டாயம் வெடிக்கும் என்கிறார் மச்சான். காலையில் ஆரம்பித்தால் சாப்பாட்டு நேரம்வரை இதே சண்டை, நேருக்கு நேராக. சுவர் எழுப்ப வந்த கொத்தனாரை, இடைஞ்சல் என்று இருவருமே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இன்று இருவரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"நீங்களே சொல்லுங்க மாப்ள. வெடிக்குமா, வெடிக்காதா?"

"பாத்துச் சொல்லுங்க" என்றாள் மனைவி.

கதையை முடித்துவிட்டு வருகிறேன் என்று இங்கே ஓடிவந்துவிட்டேன். முடித்தால் எழுந்துபோய்ப் பதில் சொல்லியாக வேண்டும். ஆகவே முடிக்கப் போவதில்லை. உங்களில் யாராவது உள்ளே போய், மரத்தைத் தட்டிப் பார்த்து, உங்களுக்குப் பட்டதைச் சொல்லிவிடுங்கள். நான் எங்கே என்று கேட்டால், இன்னும் எழுதிக்கொண்டி