மீந்த மாத்திரை டப்பா

கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்களிடம் ஒரு தகர டப்பா இருந்தது. யாருக்காவது டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தால், உடம்பு தேறின அன்றே மிச்சத்தை அதில் போட்டுவிடுவார்கள். அடுத்து எவனுக்காவது காய்ச்சலோ சீழோ வந்தால் அதில் இரண்டை விழுங்கிவிட்டு மூட்டைக்கு முதுகைக் கொடுப்பான். இந்த ஏற்பாட்டைச் செய்தவர் மேஸ்திரி. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அங்கேயே மூட்டை தூக்கும் அவருடைய தம்பியின் கெண்டைக்காலில் மூட்டைக் கொக்கி இறங்கியது. பத்து நாள் டப்பாதான் வைத்தியம் பார்த்தது. கால் தூண் மாதிரி வீங்கின பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

அங்கே மூன்று மருந்து மாற்றி மாற்றி ஏற்றியும் சீழ் அசைந்துகொடுக்கவில்லை. தம்பியைத் தனி அறையில் போட்டார்கள். உள்ளே போக மேலங்கி, கையுறை. வெளியே வந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கூடப்பிறந்தவனைத் தொட எதற்கு உறை என்று மேஸ்திரிக்குப் பிடிபடவில்லை.

டாக்டரம்மா அவரை நடைவழிக்குக் கூப்பிட்டார். மருந்துக்கு அடங்காத கிருமி. இனி ஒரே ஒரு ஊசிதான் பாக்கி. அதுவும் கேட்காவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டிவரும் என்றார். இங்கே வருவதற்கு முன்னால் மருந்து ஏதாவது சாப்பிட்டாரா என்றும் கேட்டார். இல்லை என்றார் மேஸ்திரி. பொய் சொல்ல நினைக்கவில்லை. டப்பாவில் இருந்ததை அவர் மருந்துக் கணக்கில் சேர்த்ததே இல்லை.

படி இறங்கும்போதுதான் டப்பா ஞாபகம் வந்தது. கிடங்குக்கு ஓடி அதைத் தூக்கிவந்து டாக்டரம்மாவின் மேசையில் கவிழ்த்தார். எல்லாம் பாதி அட்டைகள்.

"ஒருத்தர்கூட முழுசா முடிக்கலையா?"

"சரியானப்புறம் எதுக்கும்மா? வீணாப் போகுமேன்னு..."

டாக்டரம்மா திட்டவில்லை. பாதியில் நிறுத்தினால் சோப்ளாங்கிக் கிருமிதான் சாகும், முரட்டுக் கிருமி தங்கி வம்சம் பெருக்கும் என்று பொறுமையாகச் சொன்னார். லேசான மூட்டைகளை ஏற்றிவிட்டு ஆள் கிளம்பிவிட்டால் கனத்த மூட்டைகள்தானே கிடங்கில் கிடக்கும் என்று மேஸ்திரிக்குத் தோன்றியது. ஆனாலும் முழுசாகப் புரியவில்லை.

"அப்ப இந்த டப்பாவாலதானா?"

"இருக்கலாம். இங்க வார்டுலயே ஒட்டியிருந்தாலும் இருக்கலாம். உறுதியா சொல்ல முடியலை."

நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

கடைசி ஊசி ஆரம்பித்த நாலாம் நாள் காய்ச்சல் இறங்கியது, சீழும் குறைந்தது. பதினாலு நாளும் போட்டு முடித்தால் கால் நிற்கும் என்றார்கள். தம்பி எழுந்து உட்கார்ந்துகொண்டான்.

"காய்ச்சல் விட்டுடுச்சுண்ணே, கெளம்பலாம். மிச்ச ஊசியை நம்ம டப்பாவுல போட்டுரு."

மேஸ்திரிக்குச் சிரிப்பு வரவில்லை. "இன்னும் பத்து நாள் இருக்குடா."

"நல்லாத்தானே இருக்கேன்?"

"அதான்டா எனக்கும் புரியலை" என்றார். நாற்காலியை இழுத்துக் கதவுக்குக் குறுக்கே போட்டு, கையுறையோடு உட்கார்ந்துகொண்டார்.