பதினான்கு நிமிடம் முந்திய காமிரா

"பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள எழுதி வாங்கிட்டுக் கிளம்பிடுங்க சார். வெள்ளிக்கிழமை அதுவுமா கடையில போலீஸ் உக்காந்திருந்தா எவன் உள்ள வருவான்?"

நகைக்கடை முதலாளி தமிழ்மணி சொன்னது என்னவோ சப்-இன்ஸ்பெக்டர் அற்புதசாமியிடம்தான். ஆனால் அந்த அவசரம் வந்து விழுந்தது ரஞ்சனியின் தலையில்.

மலைக்கோட்டை அடிவாரத்துச் சந்தில் இருந்த அந்தக் கடையின் மாடி அறையில், காமிராப் பதிவுகள் சேரும் கம்ப்யூட்டரின் முன்னால் அவள் அப்போதுதான் உட்கார்ந்திருந்தாள். பொன்மலையிலிருந்து ஸ்கூட்டியை விரட்டி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. இந்த வட்டாரத்தில் பதினொரு கடைகளின் கம்ப்யூட்டர்களுக்கு அவள்தான் வைத்தியம் பார்ப்பவள்.

விஷயம் இதுதான். நேற்று மதியம் உள்ளறை அலமாரியிலிருந்து ஒரு ஜோடி கல் வளையல் காணாமல் போயிருந்தது. காமிராவில் ஓர் உருவம் சிக்கியிருந்தது. முகம் விழவில்லை, முதுகு மட்டும். மெரூன் சீருடைச் சேலை, கொண்டை. கடையில் அந்தச் சேலை கட்டுகிறவர்கள் இரண்டே பேர்: மாலினி, வேணி. படத்தின் மூலையில் மணி 1.52.

ஒருத்தி சாப்பிட்டுத் திரும்பிய பிறகுதான் மற்றவள் வெளியே போகலாம் என்பது கடைச் சட்டம். வாசலில் விரல் வைக்கும் மெஷின் பொய் சொல்லாது; நெட்டிலிருந்து தானே நேரம் எடுத்துக்கொள்ளும். மாலினி போனது 1.15, வந்தது 1.46. வேணி போனது 1.48, வந்தது 2.20. அப்படியென்றால் 1.52க்கு உள்ளே நின்ற மெரூன் சேலை யாருடையது?

மாலினி சுவரோரம் நின்றிருந்தாள். அழுது முடித்த முகம். பக்கத்தில் அவள் புருஷன் வரது, ஸ்ரீரங்கம் கோயில் மடப்பள்ளியிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தான். மேல்துண்டில் கரி.

"அவ எடுத்திருக்க மாட்டா. ரங்கநாதன் சத்தியமாச் சொல்றேன். பெருமாளுக்குத் தளிகை பண்ற கை ஸ்வாமி இது. ஆத்துக்காரி திருடின்னு பேர் வந்துட்டா நாளைக்கு எந்த மூஞ்சியோட மடப்பள்ளிக்குள்ள நுழைவேன்?"

"உங்க கையைப் பத்தி யாருங்க இங்க பேசுனது?" என்றார் தமிழ்மணி.

அற்புதசாமி நாற்காலியை ரஞ்சனி பக்கம் இழுத்துப் போட்டார். "ஏம்மா, இந்தப் பொட்டியில ஓடுற நேரம் கரெக்டா? கோர்ட்ல முதல்ல அதைத்தான் கேப்பான்."

ரஞ்சனி திரையின் மூலையைக் காட்டினாள். தன் போனையும் பக்கத்தில் வைத்தாள். இரண்டிலும் 10.09. நொடிகூடப் பிசகவில்லை.

"பக்கா சார்."

"அப்ப அதையே எழுதிக் கையெழுத்துப் போடு. பெண் போலீஸ் வண்டி வந்துட்டிருக்கு."

எழுதினாள். போட்டாள். அவர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு தமிழ்மணியோடு அடுத்த அறைக்குப் போனார். மாலினியும் வரதுவும் பின்னாலேயே போனார்கள்.

படத்தைப் பென்டிரைவில் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. ரஞ்சனி கட்டளைகளை அடிக்கும் கறுப்புத் திரைக்குத் திரும்பினாள்.

எந்தக் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தாலும் அவள் விரல்கள் முதலில் செய்வது ஒன்றுதான். ntpdate என்று அடித்து, நெட்டில் இருக்கும் நேர சர்வரைக் கேட்டுக் கடிகாரத்தைச் சரிசெய்துவிடுவது. கோயிலுக்குள் நுழையுமுன் கால் அலம்புகிற மாதிரி ஒரு பழக்கம். இன்றும் வந்ததும் வராததுமாக அதைத்தான் செய்திருந்தாள். அது என்ன பதில் சொன்னது என்று பார்க்கவில்லை. இப்போது பார்த்தாள்.

ஆஃப்செட், அதாவது நேர வித்தியாசம், மைனஸ் 840 செகண்ட்.

இன்னொரு தரம் படித்தாள்.

மைனஸ் என்றால் கம்ப்யூட்டர் முந்திக்கொண்டு ஓடியிருக்கிறது. எண்ணூற்று நாற்பதை அறுபதால் வகுத்தால் பதினான்கு. நேர் எதிரே சுவரில் கடைக் கடிகாரம். அதில் 10.25. போனில் 10.11. அதே பதினான்கு! ராகு காலத்துக்கு முன்னால் கடை திறந்துவிட வேண்டும் என்று தமிழ்மணி எப்போதும் முன்னால் தள்ளி வைத்திருக்கும் கடிகாரம்.

இரண்டு வாரத்துக்கு முன் கரண்ட் போய் வந்தபோது போன் செய்தாரே! "பொட்டியில தேதி, மணி எல்லாம் கோணலா இருக்கும்மா." உள்ளே பேட்டரி செத்திருக்கிறது என்று அவளுக்கு உடனே தெரிந்தது. "நாளைக்கு வந்து மாத்துறேன், நேரத்தை மட்டும் நீங்களே போட்டுக்குங்க" என்றாள். அந்த நாளை வரவே இல்லை. மனிதர் தலையை நிமிர்த்தி, சுவரைப் பார்த்துத்தான் நேரத்தைப் போட்டிருக்கிறார்.

நேற்று காமிரா 1.52 என்றபோது நிஜத்தில் மணி 1.38. அப்போது மாலினி கடையிலேயே இல்லை. உள்ளே இருந்தது...

"அக்கா, டீ."

வேணி. ரஞ்சனியின் சித்தி பெண். நாலு மாதத்துக்கு முன் "நம்ம பொண்ணுங்க, நான் பொறுப்பு" என்று தமிழ்மணியிடம் சொல்லி வேலைக்குச் சேர்த்ததே ரஞ்சனிதான்.

"முடிஞ்சுதாக்கா? சீக்கிரம் காப்பி பண்ணிக் குடுத்துட்டுக் கிளம்பேன். இங்க உக்காந்திருந்தா உனக்கும் தலைவலிதான்."

"வேணி, நேத்து ஒன்னு முப்பத்தெட்டுக்கு நீ எங்க இருந்த?"

டீ கிளாஸ் மேஜையில் கொஞ்சம் பலமாகவே இறங்கியது.

"அவங்க ஒன்னு அம்பத்திரண்டுனுதானே சொல்றாங்க?"

"நான் கேட்டது அது இல்ல."

வேணி கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். குரல் தானாக இறங்கியது. "என் நிச்சயத்தன்னிக்கு மட்டும் போட்டுக்கிட்டு திருப்பி வெச்சிடலாம்னுதான்க்கா... சத்தியமா. வெறுங்கையோட வந்து நின்னா மாப்பிள்ளையோட அம்மா என்ன பேசும்னு உனக்கே தெரியும். நான் யாரையும் கைகாட்டல. அவங்களாத்தான் மாலினின்னு சொன்னாங்க. நான் சும்மா இருந்தேன், அவ்வளவுதான்."

"சும்மா இருந்தியா?"

"உனக்கு மட்டும்தானேக்கா தெரியும்? அந்தக் கறுப்பு ஜன்னலை மூடிடு. எங்கம்மாவுக்கு ஏற்கனவே பிரஷர். உன்னைய நம்பித்தான் என்னைய அனுப்பிச்சா."

ரஞ்சனியின் கை மௌஸின் மேல் இருந்தது.

மூடலாம். கம்ப்யூட்டர் தானே எழுதி வைக்கும் லாகிலும் அந்த வரி பதிவாகியிருக்கும். அதையும் அழிக்கலாம், ஒரு நிமிட வேலை. இனி யார் வந்து சோதித்தாலும் கடிகாரம் சரியாகத்தான் இருக்கும். காலையில் அவளே சரிசெய்து வைத்துவிட்டாளே! மாலினியைக் காப்பாற்றக்கூடிய ஒரே தப்பைத் துடைத்துவிட்டு, அடியில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தவளும் அவளே.

கீழே வண்டி வந்து நிற்கும் சத்தம். அடுத்த அறையில் வரதுவின் குரல் உடைந்தது. "அவ செருப்பாவது போட்டுக்கட்டும் ஸ்வாமி."

"அக்கா..." வேணி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

ரஞ்சனி அந்தக் கையை விலக்கினாள். எழுந்தாள். கதவைத் திறந்தாள்.

"சார், நான் எழுதிக் குடுத்த பேப்பர் தப்பு. அதைக் கிழிச்சுடுங்க."

"என்னம்மா விளையாடுறியா?"

"கடிகாரத்தை நான்தான் இன்னிக்குக் காலையில சரிபண்ணுனேன். அதுக்கு முன்னாடி பதினாலு நிமிஷம் ஃபாஸ்ட். ஸ்க்ரீன்லயே இருக்கு, வந்து பாருங்க. தமிழ்மணி சார், அன்னிக்கு எதைப் பார்த்து டைம் வெச்சீங்க?"

தமிழ்மணி சுவரைப் பார்த்தார். அப்புறம் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அற்புதசாமி வந்து திரையைப் படித்தார். விரல் மெஷின் தாளை மேஜையில் விரித்து, பேனாவால் மெதுவாகக் கணக்குப் போட்டார். பேனா முனை மாலினியின் பெயரைத் தாண்டி அடுத்த வரிக்கு இறங்கி நின்றது.

வாசலில் மாலினி ஒரு காலில் செருப்போடு அசையாமல் நின்றாள்.

"யாரும்மா இந்த வேணி?"

வேணி நின்ற பக்கம் ரஞ்சனி திரும்பிப் பார்க்கவில்லை.

"என் சித்தி பொண்ணு சார்."