ராசியான கிளாஸ்

அண்ணி கோபத்தில் இருந்தால் இறால் குஞ்சுகூட நேராக நீந்தும் என்று பொரிப்பகத்தில் கேலி பேசுவார்கள். அன்றைக்கு நீந்தத்தான் குஞ்சு இல்லை. ஆறு தொட்டிகளில் ஐந்தில் எல்லாம் வெளிறிப்போய் அடியில் கிடந்தன.

வந்து பார்த்த மீன் மருத்துவர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டுப் போயிருந்தார். கடல்நீரில் எப்போதும் இருக்கிற பாக்டீரியாதான். இடம் கிடைத்தால் குடலுக்குள் புகுந்து பெருகி, குஞ்சைத் தின்னவிடாமல் சாகடித்துவிடும். தொட்டி விட்டுத் தொட்டி அது தானாகப் போகாது, யாரோதான் கொண்டுபோயிருக்க வேண்டும்.

யாரோ என்றால் யார்? அண்ணிக்குச் சந்தேகமே இல்லை. கூடவே வேலை பார்க்கும் கொழுந்தன்தான்.

"தொட்டிக்கு ஒரு குவளை, தொட்டிக்கு ஒரு வலைன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே! கை கழுவினியா நீ?"

"கழுவினேன் அண்ணி. சத்தியமா."

"வாயைத் திறக்காதே. நாளைக்கு இந்தப் பக்கமே வராதே. உங்க அண்ணன் கேட்டா நான் பேசிக்கறேன்."

அவன் முகம் சுண்டிப்போய் வாசலில் செருப்பைத் தேடினான். அண்ணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேற்றுதான் புதுக் குஞ்சுகளை விட்ட ஆறாவது தொட்டி ஒன்றுதான் மிச்சம். அதுவும் போனால் பொரிப்பகத்தை இழுத்து மூட வேண்டியதுதான்.

தன் கண்ணாடி கிளாஸை எடுத்தாள். தொழில் தொடங்கிய நாளிலிருந்து அதே கிளாஸ். தினமும் ஒவ்வொரு தொட்டியிலும் அதை முக்கி, விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தால்தான் அவளுக்கு மனசு ஆறும். மருந்துத் தண்ணீரில் கழுவினால் ராசி போய்விடும் என்று யாரையும் அதைத் தொடவிட்டதில்லை.

ஆறாவது தொட்டியில் மொண்டு பார்த்தாள். குஞ்சுகள் துள்ளின. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நீரை அதே தொட்டியில் ஊற்றினாள்.

அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. வெயில் படாமல் கறுப்புத் துணி கட்டிய அறை, பட்டப்பகலிலும் கும்மிருட்டு.

ஐந்து தொட்டிகளும் பச்சையாக ஒளிர்ந்தன. இந்தக் கிருமி இருட்டில் ஒளிவிடும் என்று அண்ணி கேள்விப்பட்டிருக்கிறாள், கண்ணால் பார்த்ததில்லை. ஆறாவது மட்டும் இருண்டு கிடந்தது.

"அப்பாடா, இது தப்பிச்சுது," என்றாள்.

"அண்ணி..." வாசலிலிருந்து கொழுந்தனின் குரல் வந்தது. "உங்க கையைப் பாருங்க."

பார்த்தாள். காலி கிளாஸின் அடியில் படிந்திருந்த வழுவழுப்பு பச்சையாக ஒளிர்ந்துகொண்டிருந்தது.