வெறுமையாக விட்ட கட்டம்

ஜெயங்கொண்டம் கடைத்தெருவில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களில் பாதி பழனிவேலின் கையெழுத்தில்தான் இருக்கும். அவன் செத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. கையெழுத்து மட்டும் இன்னும் செத்தவர்களின் பெயரை எழுதிக்கொண்டிருந்தது.

அது ஆண்டாயிக்குப் பழகிவிட்டது. புருஷன் போன பிறகு அவளும் அவன் தங்கை மலர்க்கொடியும்தான் போஸ்டர் அடிக்கும் கடையை நடத்தினார்கள். பழனிவேல் ஒவ்வோர் எழுத்தாகத் தாளில் எழுதி, கம்ப்யூட்டரில் ஏற்றி, சொந்தமாக ஒரு ஃபான்ட் செய்து வைத்திருந்தான். கம்ப்யூட்டருக்கு எழுத்தின் உருவம் தெரியாது, நம்பர்தான் தெரியும் என்று அப்போது அவளுக்கு விளக்கினான். 'ஆ' என்றால் 2950. எந்த ஊர் மெஷினிலும் அதே நம்பர். அந்த நம்பருக்கான கட்டத்தில் யார் வரைந்து வைக்கிறார்களோ, அவர்கள் கை திரையில் தெரியும். கட்டம் வெறுமையாக இருந்தால் ஒரு சின்னப் பெட்டி வந்து நிற்கும்.

'ழ'வின் கட்டத்தை மட்டும் அவன் வெறுமையாக விட்டான்.

"நாள் பூரா அடுத்தவன் சாவ அடிக்கிற கை புள்ள இது. என் பேர போஸ்டர்ல போட என் கையே எழுத்து குடுக்கக் கூடாது" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். கீழப்பழுவூரில் யாராவது செத்தால் அந்த எழுத்தை வேறு ஃபான்ட்டிலிருந்து எடுத்துப் போடுவார்கள். பந்தியில் தெரியாத ஆள் உட்கார்ந்த மாதிரி அது தனியாகத் தெரியும்.

போன மாசியில் திருமானூர் ரோட்டில் லாரி மோதிப் போய்ச் சேர்ந்தான். போஸ்டரை அரியலூரில் வேறொரு கடையில் அடித்தார்கள். சுவர் சுவராக ஒட்டியிருந்த அந்த அச்செழுத்தைப் பார்த்தபோது, யாரோ ஒருத்தன் செத்தது போலத்தான் ஆண்டாயிக்கு இருந்தது. வருஷ தெவசத்துக்காவது அவன் பெயர் அவன் கையெழுத்தில் முழுசாக வர வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

கேஸ் சிலிண்டர் புத்தகத்தில் அவன் கையெழுத்துப் போட்டிருந்தான். அதிலிருந்து 'ழ'வை வெட்டிக் கட்டத்தில் வைக்கச் சொன்னாள். மலர்க்கொடிக்கு மனசில்லை.

"அண்ணன் வேணும்னே வுட்ட எடம் அண்ணி. அதுல கைய வைக்கணுமா?"

"அதான் போயிட்டாரே. இனிமே எதுக்குப் பயப்படறது?"

முதலில் வாசகத்தை அடித்து வைத்துக்கொள்வோம் என்று மலர்க்கொடி உட்கார்ந்தாள். பெயரை அடித்தாள். பெட்டி வரவில்லை. பழனிவேல் என்று முழுசாக நின்றது. 'ழ'வின் வால் கீழே இறங்கி, ஒரு சுழி சுழித்து மேலே ஏறியிருந்தது. அவசரமில்லாத நாளில் அவன் அப்படித்தான் எழுதுவான். கேஸ் புத்தகத்தில் இருந்த எழுத்துக்குக்கூட அந்தச் சுழி இல்லை.

நீங்கள் வரைந்து வைத்தீர்களா என்று மலர்க்கொடி கேட்டாள். ஆண்டாயிக்கு மவுஸ் பிடிக்கத் தெரியும், அவ்வளவுதான். முந்தின நாள் தா.பழூர் போஸ்டருக்குக்கூட அந்த எழுத்தை வெளியிலிருந்துதான் எடுத்திருந்தார்கள்.

மலர்க்கொடி மிச்சத்தையும் அடித்தாள்.

முதலாம் □ண்டு நினைவஞ்சலி.
மனைவி: □ண்டாயி.

கட்டங்களைத் திறந்து பார்த்தாள். 2950 வெறுமையாக இருந்தது. நேற்று வரைக்கும் அங்கே எழுத்து இருந்தது.

வழக்கம்போல வேறு ஃபான்ட்டிலிருந்து 'ஆ' எடுத்துப் போடட்டுமா என்று தயங்கிக் கேட்டாள். ஆண்டாயி வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"ஒங்க பேரு போஸ்டர்ல வராம அண்ணன் மறைச்சு வச்சிருக்கு அண்ணி" என்றாள் மலர்க்கொடி. ஆறுதலாகத்தான் சொன்னாள்.

"அவரு பேரயும் இப்படித்தான் மறைச்சு வச்சாரு. வச்சும் போயிட்டாரே" என்றாள் ஆண்டாயி.

போஸ்டர் பெட்டிகளோடேயே ஒட்டப்பட்டது. பஸ் ஸ்டாண்டில் பார்த்தவர்கள் அச்சுப் பிழை என்று நினைத்துக்கொண்டார்கள். அதன் முன்னால் நின்று, சுழி ஏறிய அந்த எழுத்தை ஆண்டாயி விரலால் தடவிப் பார்த்தாள். பசை இன்னும் காயவில்லை.

இப்போதெல்லாம் காலையில் கடை திறந்ததும் சாமி படத்துக்கு ஊதுவத்தி கொளுத்துவதற்கு முன்னால் கம்ப்யூட்டரைத்தான் போடுகிறாள். கட்டங்களைத் திறந்து 2950-ஐப் பார்க்கிறாள். வெறுமையாக இருந்தால், அன்றைக்கு வந்திருக்கும் அடுத்தவர் சாவுகளை அடிக்க உட்காருகிறாள்.