பதினாலாம் நம்பர் கிரீம்

எட்டு மாதமாக நான் எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் சமாதானம் பேசிக்கொண்டிருந்தேன். இரண்டையும் ஒரே டப்பாவில் குடித்தனம் வைக்க ஓர் இடையாள் வேண்டும், எமல்சிஃபையர் என்பார்கள். தயாராக வேண்டியது நர்சுகளுக்கான கை கிரீம். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை கை கழுவுகிறவர்கள். ஆய்வகத்தின் நாற்பத்தைந்து டிகிரி அடுப்பில் ஒரு மாதம் பிரியாமல் உட்கார்ந்திருந்தால் கிரீம் பாஸ்.

சாதுவான எமல்சிஃபையர் போட்ட பதின்மூன்றும் பிரிந்தன. ஒன்று இருபத்தொன்பதாம் நாள் பிரிந்தது. அன்று நானும் மேனேஜரும் பேசிக்கொள்ளவில்லை.

பதினாலாம் நம்பரில் சல்ஃபேட் கலந்த மெழுகைப் போட்டேன். சோப்புக்கு உறவுக்காரன், கொஞ்சம் முரடன், ஆனால் உடும்புப்பிடி. கிரீம் அசையாமல் நின்றது. ஓர் ஆஸ்பத்திரியின் எட்டு நர்சுகள் மூன்று வாரம் பூசிப் பார்த்தார்கள். எட்டு ஃபாரத்திலும் ‘எரிச்சல்: இல்லை.’ அந்த எட்டில் ஒருத்தி என் மனைவி. வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டால் விட்டது தலைவலி.

வியாழன் சாயங்காலம் சமையலறையிலிருந்து கூப்பிட்டாள்.

“ஏங்க, இந்த எலுமிச்சம்பழத்தைக் கொஞ்சம் பிழிஞ்சு குடுங்க.”

கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அங்கே எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம். பெருமையாகப் போனேன். பழத்தை நீட்டியபோதுதான் அவள் கையைப் பார்த்தேன். விரலிடுக்கெல்லாம் சிவந்து வெடித்திருந்தது.

“பதினாலு போட்டதுலேருந்தா?”

அவள் டம்ளரைக் கழுவப் போனாள். வாங்கிக்கொண்டேன்.

“எரிச்சல் இல்லைன்னு எழுதியிருக்கியேம்மா?”

“பின்ன? தூக்கத்துலகூட ‘பிரிஞ்சிடுச்சு, பிரிஞ்சிடுச்சு’ன்னு பொலம்புறீங்க. பாஸாகித் தொலையட்டும்னு எழுதினேன்.”

“மத்தவங்க?”

“நான்தான்... மனுசன் பாவம், பாத்து எழுதுங்கடின்னு சொல்லி வெச்சேன்.”

எட்டுப் பேர் கை எரிய எரிய என்மேல் இரக்கப்பட்டிருக்கிறார்கள். அந்த ஆஸ்பத்திரியில் பதிவாகாத நோயாளி நான்தான்.

மறுநாள் மேனேஜர் பேனாவோடு காத்திருந்தார்.

“இது வேண்டாம் சார். கை வெடிக்குது.”

“எட்டுப் பேரும் இல்லைன்னு எழுதியிருக்காங்களேய்யா!”

“அது என்னைப் பத்தின அபிப்பிராயம் சார். கிரீமைப் பத்தி இல்ல.”

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார். “இப்போ என்ன பண்ணலாங்கிற?”

“சாதுவான ரெண்டைச் சேர்த்துப் பாக்கணும். ஒண்ணு எண்ணெயைப் பிடிச்சுக்கும், இன்னொண்ணு தண்ணியை. தனித்தனியா விட்டுத்தான் தோத்தோம்.”

“நாப்பது நாள். அதுவும் பிரிஞ்சா நீ துணி சோப்புப் பிரிவுக்குப் போயிடு.”

சரி என்றேன். எதிர்த்துப் பேசத் தெம்பில்லை.

பதினைந்தாம் நம்பர் இப்போது அடுப்பில் இருக்கிறது. இன்று பன்னிரண்டாம் நாள். இன்னும் பிரியவில்லை, நானும் அதன் பக்கத்தில் உரக்க மூச்சு விடுவதில்லை. மனைவிக்குப் புது ஃபாரம் கொடுத்தேன்.

“எரிஞ்சா எரியுதுன்னு எழுதிடுவேன்.”

“எழுது.”

“மூஞ்சியத் தூக்கி வெச்சுக்க மாட்டீங்களே?”

“அதுக்கு ஃபாரத்துல கட்டம் இல்ல.”

வெடிப்பு மூடும்வரை எலுமிச்சை பிழிவது என் பொறுப்பு. சாற்றில் விதை விழுகிறதாம். அதை மட்டும் தயங்காமல் சொல்கிறாள்.