வாலா, ஆளா

1

நான் கதை தேடிப் போகவில்லை. ஒரு பஸ் ஏன் நின்றுபோனது என்று தெரிந்துகொள்ளத்தான் போனேன்.

1974இல் திருவள்ளூரிலிருந்து திருநின்றவூர் வழியாக ஆலை ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு நீள பஸ் மூன்று வாரம் ஓடியது. இரண்டு பஸ்களை முன்னும் பின்னுமாக வைத்து நடுவில் கேன்வாஸ் மடிப்பால் இணைத்தது போல இருக்கும். திருப்பத்தில் அந்த மடிப்பு ஒரு பக்கம் சுருங்கி மறுபக்கம் விரியும். ஜனங்கள் அதை ஆர்மோனியம் பஸ் என்றார்கள். நூற்றைம்பது பேர் ஏறலாம். முன்பாதிக்கு ஒரு கண்டக்டர், பின்பாதிக்கு ஒரு கண்டக்டர். பின்பாதிக்கு ஊழியர்கள் வைத்த பெயர் 'வாலு'.

மூன்று வாரத்தில் அது ஏன் நின்றது? டீக்கடையில் ஒரு காரணம், ஸ்டேஷனில் ஒரு காரணம், என் ஆபீசில் ஒரு காரணம். நாலு வருடம் கழித்து இந்த 1978இல் அதை ஒரு சுவாரசியமான கட்டுரையாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன். முதல் வாக்கியம் இப்படி:

மணவாள நகர்க் கூரைகளின் மேல் பொன்னிறக் கதிர்கள் விழுந்துகொண்டிருந்த அந்த வேளையில்

வேண்டாம். அன்று காலை மூட்டமாக இருந்ததாம். எனக்குச் சொன்னவள் குணசுந்தரி.

2

குணசுந்தரிக்கு அப்போது இருபத்து நாலு வயது. சைக்கிள் பாகங்கள் செய்யும் ஆலையில் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம். வேலை நிரந்தரமாகவில்லை. திருநின்றவூரில் அம்மாவோடு இருந்தாள். பஸ்ஸில் சீட் காலியாக இருந்தாலும் உட்கார மாட்டாள். இரண்டு பாதியும் சேரும் இடத்தில், தரையில் பதித்த வட்டத் தகட்டின் மேல் நிற்பாள்.

"ஏன்?" என்று கேட்டேன்.

"பஸ்ஸு திரும்புறப்போ ஒரு காலு ஒரு பக்கம் போவும், இன்னொண்ணு இன்னொரு பக்கம் போவும் சார். சிரிப்பா இருக்கும்."

(இதைக் கேட்டதும் இவள்தான் என் கட்டுரையின் நாயகி என்று முடிவு செய்தேன். அவசரப்பட்ட முடிவு. ஆனால் அடித்துவிடாமல் இங்கேயே விட்டுவைக்கிறேன்.)

3

நடந்தது இது. கேட் எது, கம்பெனி எது என்று சொல்லப்போவதில்லை.

காலை ஷிப்டுக்குப் போகும் பஸ். ஓட்டியவர் வீரராகவன், ஐம்பதைத் தாண்டியவர். முன் கண்டக்டர் தேசப்பன், பின் கண்டக்டர் துலுக்காணம். வழியில் ஒரு ரயில்வே கேட். திறந்திருந்தது. பஸ்ஸின் முன்பாதி தண்டவாளத்தைத் தாண்டியது. அப்போது முன்னால் போன செங்கல் வண்டியின் அச்சு முறிந்து வழி அடைத்துக்கொண்டது. வீரராகவன் பிரேக் போட்டார். சாதாரண பஸ்ஸாக இருந்தால் முழுதும் தாண்டி நின்றிருக்கும். இது நீளம். வால் தண்டவாளத்தின் மேல் நின்றுவிட்டது.

முன்னால் உட்கார்ந்திருந்த வீரராகவனுக்கு அது தெரியாது. கண்ணாடியில் கேன்வாஸ் மடிப்பும் ஜனங்களின் தலைகளும்தான் தெரிந்தன.

கேட் அறையில் மணி அடித்தது. அரக்கோணம் பக்கமிருந்து பாசஞ்சர் ரயில் முந்தின ஸ்டேஷனை விட்டுக் கிளம்பிவிட்டது. கேட்காரர் கலியன் சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு ரயில் வரும் திசையில் ஓடினார். துலுக்காணம் விசில் ஊதினார். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போ. வால் தண்டவாளத்தில் இருக்கிறது என்பதற்கு எத்தனை விசில் என்று யாரும் முடிவு செய்திருக்கவில்லை. (மூன்று வாரமும் ஒருவருக்கும் தோன்றவில்லை என்பது எனக்கு இப்போதும் ஆச்சரியம்.)

ஊதிப் பார்த்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். "வாலு தண்டவாளத்துல மாட்டிக்கிச்சு. வண்டிய எடுக்கச் சொல்லு."

அந்தச் செய்தி வாய்க்கு வாய் முன்னால் போனது. இதற்குள் முன்வாசலில் இறங்கிய ஆலை ஆட்கள் செங்கல் வண்டியைத் தூக்கி ஓரம் தள்ளிவிட்டார்கள். வழி திறந்தது. வீரராகவன் கியரில் கை வைத்தார். அப்போதுதான் செய்தி அவர் காதுக்கு வந்து சேர்ந்தது.

"ஆளு தண்டவாளத்துல மாட்டிக்கிச்சு."

வண்டிக்கடியில் ஆள் என்றால் எந்த டிரைவர் நகர்த்துவார்? எஞ்சினை அணைத்தார். கைபிரேக்கை இழுத்தார். இறங்கிக் குனிந்து சக்கரங்களுக்கு நடுவே தேட ஆரம்பித்தார்.

ரயில் தெரிந்தது.

4

இந்த இடத்தில் நிறுத்தி ஒரு பக்கத்துக்கு வர்ணனை எழுதினேன். புகை, விசில், கூக்குரல். கிழித்துவிட்டேன். குணசுந்தரி எனக்கு நாலே வரியில் சொன்னாள்.

"நான் முன்வாசல்ல எறங்கி ஓடினேன் சார். டிரைவர் நைனா குனிஞ்சிக்கினு இருந்தாரு. கையப் புட்ச்சி இழுத்தேன். ஆளு இல்ல நைனா, வாலு, வண்டிய எடுன்னேன்."

"ஆளு யாரும் இல்லியா?" என்றாராம் அவர்.

"யாரும் இல்ல. ஏறு."

முதல் தடவை எஞ்சின் பிடிக்கவில்லை. இரண்டாவது தடவை பிடித்தது. பின்வாசலில் துலுக்காணம் ஒவ்வொருவராகப் பிடித்து இறக்கிக்கொண்டிருந்தார். அந்த நெரிசலில் மேரி என்ற பெண் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. பஸ் நகர்ந்தது. கலியனின் கொடியைப் பார்த்துப் பிரேக் போட்ட ரயில் தேய்ந்து தேய்ந்து வந்து, வால் நின்றிருந்த இடத்தையும் தாண்டி நின்றது. துலுக்காணம் மட்டும் கடைசிவரை வாலுக்குள்ளேயே இருந்தார்.

யாரும் சாகவில்லை.

5

விசாரணை நடந்தது. கேள்வி ஒன்றே ஒன்று: எஞ்சினை ஏன் அணைத்தாய்? ஆள் மாட்டிக்கொண்டான் என்றார்கள், அணைத்தேன் என்றார் வீரராகவன். யார் சொன்னது? தேசப்பன் பின்னாலிருந்து கேட்டதாகச் சொன்னார். பின்னால் இருந்தவர் துலுக்காணம்.

"நான் வாலுன்னுதான் சொன்னேன்" என்றார் துலுக்காணம். முதல் நாள் உறுதியாகச் சொன்னார். மூன்றாம் நாள், "வாலுன்னுதான் சொன்ன மாதிரி இருக்குது" என்றார். அவர் வேலை போனது. ஆர்மோனியம் பஸ்ஸும் நின்றது.

குணசுந்தரியைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். கண்டக்டர் சொன்னது வாலா, ஆளா?

"கூட்டத்துல சரியா காதுல வுழலே சார்" என்றாள்.

அவளுக்கு ஆலையில் எல்லார் முன்னிலையிலும் பாராட்டுக் கடிதம் கொடுத்தார்கள். அடுத்த மாதமே வேலையை நிரந்தரமாக்கினார்கள்.

6

இதுவரை நான் எழுதியதை அவளிடம் படித்துக் காட்டினேன். ஐந்தாவது பகுதி முடிந்ததும் போதும் என்பது போலக் கை காட்டினாள்.

"காதுல நல்லாத்தான் வுழுந்துச்சு சார். வாலுன்னுதான் அவரு சொன்னாரு."

"அப்போ ஆளுன்னு மாத்தினது யாரு?"

"நான்தான்."

தவறிப்போய் வாயில் வந்துவிட்டதா என்று கேட்டேன். (அப்படித்தான் இருக்க வேண்டும் என்று விரும்பினேன். எழுதுவதற்கு அது எளிது.)

"இல்ல. வாலு மாட்டிக்கிச்சுன்னு ஒரு வாட்டி சொல்லிப் பாத்தேன். எனக்கு முன்னாடி இருந்த ஆளு சிரிச்சிக்கினே நின்னாரு. வாலுன்னா எவன் திரும்புவான்? ஆளுன்னா பதறுவாங்கன்னு சொன்னேன். பதறினாங்க. நைனா எஞ்சின நிறுத்திடுவாருன்னு எனக்கு இன்னா தெரியும்?"

நூற்றைம்பது பேரை ஆபத்தில் தள்ளிய சொல் அவளுடையது. அவர்களைக் காப்பாற்றிய சொல்லும் அவளுடையதுதான். இரண்டுக்கும் நடுவில் இரண்டு நிமிடம்கூட இல்லை. என் நாயகியை நான் இப்போது என்ன செய்ய? அவளை நீக்கிவிட்டு, முகமில்லாத ஒரு பயணியின் வாயில் அந்தச் சொல்லை வைத்து ஒரு பிரதி எழுதிப் பார்த்தேன். எல்லாம் சரியாக வந்தது. ஆனால் அதில் துலுக்காணத்துக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதே இல்லை.

7

போன மாதம் ஒரு மத்தியானம், அவள் தனியாகக் கும்மிடிப்பூண்டிக்குப் போனாள். துலுக்காணம் அங்கே ஓர் இரும்பு ஆலையில் லோடு ஏற்றுகிறார். நான் கூட வருகிறேன் என்றதற்கு, "நீங்க வந்தா கதையாப் பூடும்" என்றாள். அதனால் இதை அவள் சொன்னபடி எழுதுகிறேன்.

ஷிப்டு முடிந்து வெளியே வந்தவர் அவளை அடையாளம் கண்டுகொண்டார். "இன்னாம்மா இவ்ளோ தூரம்?"

அவள் நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஆலைச் சுவரோரம் கிடந்த கல்லில் உட்கார்ந்தார். திட்டவில்லை.

"நான் இன்னா சொன்னேன்? அத்த மட்டும் சொல்லு."

"வாலு தண்டவாளத்துல மாட்டிக்கிச்சு, வண்டிய எடுக்கச் சொல்லுன்னு சொன்னீங்கண்ணே."

"இன்னொரு வாட்டி சொல்லு."

சொன்னாள்.

"நாலு வருசமா எம் பொண்டாட்டி கேட்டுக்கினே கீறா. வாலுன்னியா, ஆளுன்னியா? விசாரணையில அவங்க கேட்ட கேள்வில எனக்கே கொயம்பிப் போச்சு. ஆளுன்னு சொல்லிட்டேன் போலன்னுதான் நென்ச்சிக்கினு இருந்தேன்." நிமிர்ந்து அவளைக் கேட்டார்: "அத்த எழுதிக் குடுப்பியா?"

"குடுக்கறேண்ணே."

"உன் வேல பூடுமே."

அதற்கு அவள் என்ன சொன்னாள் என்று கேட்டேன். இரண்டு பேரும் டீ குடித்தார்களாம்.

8

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் துலுக்காணம் மறுபடி காக்கிச் சட்டை போடுகிறார். படிக்க நன்றாக இருந்தது. எந்த ஆபீசும் இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்ளாது.

இன்னொன்றில், அந்தக் கோப்பு முடிந்துவிட்டது என்று ஒரு குமாஸ்தா சொல்லிவிடுகிறார். இது நடக்கலாம். ஆனால் அவர்கள் டீ குடித்ததற்குப் பிறகு இதை எழுத எனக்குக் கை வரவில்லை.

மூன்றாவதில் குணசுந்தரி ஆபீஸ் மேஜைக்கு முன்னால் நின்று, மறுபடியும், கூட்டத்தில் சரியாகக் காதில்

இதை முடிக்கவில்லை.

நாளை வியாழக்கிழமை. பத்து மணிக்கு இரண்டு பேரும் பஸ் கம்பெனி ஆபீசுக்குப் போகிறார்கள். கடிதத்தை அவள் தன் கையாலேயே எழுதி வைத்திருக்கிறாள். நான் ஒரு எழுத்துகூடத் திருத்தவில்லை. நேற்று வந்தவள் ஒன்று மட்டும் கேட்டாள்.

"அன்னிக்கே ஏம்மா சொல்லலன்னு கேப்பாங்க சார். இன்னா சொல்றது?"

வேலை போய்விடும் என்ற பயம் என்று எழுதினேன். அது உண்மை, ஆனால் பாதிதான் என்றாள். பாராட்டியவர்கள் முன்னால் வாய் வரவில்லை என்று எழுதினேன். அதுவும் பாதிதான் என்றாள். இரண்டு பாதியையும் சேர்த்தேன். படித்துவிட்டு, இதுவும் முழுசில்லை என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

இன்று புதன்கிழமை. வேண்டுமென்றேதான் இன்றைக்கே எழுதி முடிக்கிறேன். நாளை ஆகிவிட்டால் எனக்கு முடிவு தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் அவளுக்காக நான் யோசிப்பதை நிறுத்திவிடுவேன். அந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் நீங்களாக இருந்தால், கடிதத்தைப் படித்துவிட்டு நிமிர்கிறீர்கள். எதிரே இரண்டு பேர் நிற்கிறார்கள். முதலில் யாரைப் பார்ப்பீர்கள்?